எங்கிருந்து வந்தது என்று கேட்டவளுக்கு

நேற்றுப் பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரையில் இறால் வடை வாங்கினேன். வடைக்காரர் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றைக் கிழித்து, அதில் இரண்டு வடையை வைத்து நீட்டினார். எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பங்குச் சந்தைப் பக்கம். கம்பனிப் பெயர்கள் ஒரு பக்கம், அன்றைய முடிவு விலைகள் மறுபக்கம். நீ வாங்கி வைத்திருந்த அந்த வங்கியின் பெயர் சரியாக வடைக்குக் கீழே கிடந்தது. முந்திய நாளை விட விலை கூடியிருந்தது.

வடையையும் தாளையும் சேர்த்துச் சுருட்டி மணலில் எறிந்தேன். காகங்கள் வந்தன. "என்னக்கா, இறால் பழசோ?" என்று வடைக்காரர் முகம் கறுத்துக் கேட்டார். "இல்லைத் தம்பி, நல்ல இறால்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவம், அந்த மனுசனுக்கு வேறென்ன சொல்வது? என் சிநேகிதி ஒருத்தி செத்துப்போனாள், அவளோடு தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை என்றா?

ஆகவே உனக்கு எழுதுகிறேன். அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்தாயிற்று. இது ஏசுவதற்கு.

சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தச் சில வருடங்களில்தான் நீ பெரியகடைப் பகுதியில் கணினி வகுப்புத் தொடங்கினாய். அதுவும் மேல்மாடியில். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் உன் இருதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கொஞ்சப் படி ஏறினாலே நிற்பாய், உதடு நீலம் பாரிக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யாருக்காகவோ காத்து நிற்பவள் போல நடிப்பாய். அப்படிப்பட்டவளுக்கு மேல்மாடி. ஏனடி என்று கேட்டதற்கு, "கீழ் அறைக்கு வாடகை கூட. நான் ஒரு நாளுக்கு ஒருக்காத்தானே ஏறப்போறன்" என்றாய். உன் கணக்கில் உன் உடம்புக்கு எப்போதும் கடைசி இடம்தான்.

நான் உள்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் நேரே உன்னிடம் வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நம் இருவருக்கும் அப்படித்தான் பழக்கம். ஒருநாள் உன்னோடு சண்டை பிடிக்காவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு செமிக்காது.

அந்த மென்பொருள் ஒரு சஞ்சிகையோடு ஒட்டி வந்த சீடியில் இருந்தது. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டுச் செலவு, வங்கிக் கணக்கு, வாங்கி வைத்த பங்குகள் எல்லாவற்றையும் எழுதி வைப்பதற்கான மென்பொருள். விலை இல்லை. எப்படிச் செய்தார்கள் என்ற நிரலையும் கூடவே தந்திருந்தார்கள். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறத்தியாருக்குக் கொடுக்கலாம். இந்த ஊரில் சும்மா கொடுப்பவனைத்தானே முதலில் சந்தேகப்படுவோம். மகனை வகுப்பில் சேர்க்க வந்த ஒரு தகப்பன் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா தாறாங்கள் எண்டால் உள்ள என்னவோ வச்சிருப்பாங்கள் டீச்சர்" என்றார்.

"உள்ள என்ன கிடக்கெண்டு திறந்து பார்க்க விடுறாங்கள் ஐயா" என்றாய் நீ. "இந்த நாட்டில வேற ஆர் உங்களை அப்பிடிப் பார்க்க விட்டது?"

அவர் படிப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ" என்றார். மகனைச் சேர்க்காமலே போய்விட்டார். வந்த வருமானத்தையும் வாயால் கெடுத்தாய் என்று நான் அன்றைக்கும் ஏசினேன்.

பிறகு அதைத் தமிழில் பெயர்க்க வெளிக்கிட்டாய். ஒரு சதம் கூலி இல்லை. மத்தியானங்களில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து பெயர்த்தாய். எங்கெங்கோ தேசங்களில் இருந்த, முகம் தெரியாத ஆட்களோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டினாய். வரவு, பற்று என்று கணக்கியலில் சொல் இருக்கிறதே என்று நான் சொன்னேன். உனக்குப் பிடிக்கவில்லை. நீ படித்தது விலங்கியல். தவளை அறுத்தவளுக்கு வரவென்ன, பற்றென்ன? 'எங்கிருந்து' என்று ஒரு பெட்டி, 'எங்கே' என்று ஒரு பெட்டி. அப்படித்தான் போட்டாய்.

"நீ படிச்சதால உனக்கு அது வெறும் எழுத்து. மீன்காரனுக்கு எங்கயிருந்து வந்தது, எங்க போனது எண்டுதான் கேள்வி" என்றாய்.

அந்த மென்பொருளின் குணமும் அதுதான். எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் ஒரு சதத்தைக்கூட உள்ளே எழுத விடாது. சம்பளமா, வாடகையா, வட்டியா, மாமி தந்ததா, ஏதோ ஒன்றைச் சொன்னால்தான் அடுத்த வரிக்குப் போகலாம். கணக்கெழுதுபவர்கள் தினமும் செய்கிற வேலை இது. பல் தீட்டுவது போல, யோசிக்காமல் செய்வோம். நீ என்னடாவென்றால் அதை வேதமாக எடுத்துக்கொண்டாய்.

பங்கு வாங்கியது எப்படியென்று உனக்கு நினைவிருக்கும். பாதை திறந்திருந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு தரகுக் கம்பனிக்காரர் வந்து ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். நான் அங்கே தந்த றோல்ஸைத் தின்னத்தான் வந்தேன். நீ முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்டுக் கேட்டு அவர்களுக்கு வியர்க்க வைத்தாய். கடைசியில் இருவரும் கணக்குத் திறந்தோம். நான் சேமிப்பில் பாதியைப் போட்டேன், உன்னைப் பார்த்து உன் வங்கியையே வாங்கினேன். நீ அம்மா விட்டுப்போன நகை முழுவதையும் விற்றுப் போட்டாய்.

உன் பெரியம்மா, உன்னை வளர்த்தவர், குசினி வாசலில் இருந்து அழுததை நான் பார்த்தேன். "நகையெண்டால் கழுத்தில போட்டுக்கொண்டு ஓடலாம். இந்தக் கடதாசியைக் கொண்டு எங்கயடி ஓடப்போறாய்?"

"நான் எங்க பெரியம்மா ஓடுறது? ஓட எனக்கு மூச்சு இருக்கோ?"

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். உனக்கு வால்வு மாற்ற வேண்டும். கொழும்பு அரச ஆஸ்பத்திரியில் உன் பெயர் வரிசையில் இருந்தது. முறை வந்தால் கடிதம் போடுவோம் என்றார்கள், கடிதம் வரவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்வார்கள், ஆனால் நகை விற்ற காசு அதற்குப் பாதிதான். மற்றப் பாதி வளர வேண்டும். அதற்குத்தான் பங்கு. உன் மென்பொருளில் அந்தக் கணக்குக்கு நீ வைத்த பெயரே 'வால்வு'. அந்தப் பெயரைப் பார்த்து நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

சண்டை திரும்ப வந்தது. முதலில் விலை விழுந்தது. நான் நகம் கடித்தேன். நீ, "இறங்கினது ஏறும், பொறு" என்றாய். உன் கால் வீங்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் கெட்டது. உலகத்துப் பெரிய சந்தைகளின் பங்கு விலைகளை அந்த மென்பொருள் தொலைபேசி வழியாகத் தானே எடுத்துக்கொள்ளும். கொழும்பு விலையை எடுக்காது. நீ எழுதிக் கேட்டாய். "நல்ல யோசனை, அந்தப் பகுதியை நீங்களே எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். உனக்கு அவ்வளவு நிரல் எழுதத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் முடிவு விலையைத் தேடிப் பார்த்து நீயே விரலால் அடித்தாய். நாள், விலை. நாள், விலை. தானாக வந்து விழுந்திருந்தால் நீ அதைக் கவனித்தே இருக்கமாட்டாய். முகம் தெரியாத அந்த நல்லவர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, தெரியுமா? இவ்வளவு பெரிய மென்பொருளைச் செய்தவர்களுக்குக் கொழும்புக்காக நாலு வரி எழுத நேரமில்லை.

துறைமுகப் பக்கமிருந்து படையினர் குடாவுக்கு அந்தப் பக்கம் ஷெல் அடித்தார்கள். நம் யன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் கிடந்து துடித்தன. போகிற சத்தம் முதலில் கேட்கும், விழுகிற சத்தம் கொஞ்சம் கழித்துக் கேட்கும். இடையில் யாரும் கதைக்கமாட்டோம். மூதூர்ப் பக்கத்துச் சனம், தமிழரும் முஸ்லிம்களும், கிடைத்த வழியால் ஓடினார்கள். சிலர் கந்தளாய் வரை நடந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் பாயும் பானையுமாக நிறைந்தன. அந்த நாட்களில் ஒரு பின்னேரம் நான் தேத்தண்ணிக்கு வந்தபோது நீ விசைப்பலகையில் விரலை வைத்தபடி அடிக்காமல் இருந்தாய்.

"கூடியிருக்கு" என்றாய்.

"நல்லதுதானே."

"முந்தநாள் அடிச்சவங்கள், நேற்றுக் கூடினது. இப்ப அந்தப் பக்கம் பிடிச்சிட்டாங்களாம், இண்டைக்கு இன்னும் கூடியிருக்கு. கொழும்பில ஆக்களுக்கு நம்பிக்கை வந்திட்டுது போல."

"ஓம், சண்டை முடியப்போகுதெண்டு நினைச்சு வாங்குறாங்கள். அதுதான் சந்தை."

நீ அதற்குள் ஒரு புது வரி திறந்திருந்தாய். கூடிய தொகையை வருமானமாக எழுதப் பார்த்தாய். கணக்கியல் படித்த எவளும் செய்யமாட்டாள். விற்காத பங்கின் ஏற்றத்தை வருமானமாக எழுதத் தேவையில்லை, விலையை மாற்றினால் போதும். நான் அதைச் சொன்னேன். நீ கேட்கவில்லை. நீ எழுதத்தான் எழுதினாய். மென்பொருள் தன் குணப்படி எங்கிருந்து என்று கேட்டது.

"விலையேற்றம் எண்டு போடு" என்றேன்.

"விலை எங்கயிருந்து ஏறினது?"

"சந்தையில."

"சந்தைக்கு எங்கயிருந்து வந்தது?"

அந்தப் பெட்டியில் நீ 'மூதூர்' என்று அடித்தாய். நான் முதலில் சிரித்துவிட்டேன். பகிடி விடுகிறாய் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது அன்று தொடங்கியது, இந்த நிமிடம் வரைக்கும் நிற்கவில்லை.

எவ்வளவு சொன்னேன் உனக்கு. விலை ஆயிரம் காரணத்தால் ஏறும், வட்டி குறைந்தால் ஏறும், வங்கி நல்ல இலாபம் காட்டினால் ஏறும், பங்குக்கு இரத்தம் தெரியாது என்றேன். "இருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டாய். "அப்ப எந்தக் காரணத்தால எவ்வளவு எண்டு பிரிச்சுத் தா. பிரிச்சு எழுத இதில வசதி இருக்கு." பிரித்துக் கொடுக்க எவனால் முடியும்? என்னால் ஏலவில்லை. அது உனக்கு வெற்றி. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு.

விலை ஏறிக்கொண்டே போனது. நீ ஒவ்வொரு நாளும் எழுதினாய். கிழக்கில் ஒவ்வொரு ஊராகக் கைமாறியது. உன் வருமானப் பகுதியில் ஊர்ப் பெயர்கள் கூடின. வேறு யாராவது பார்த்திருந்தால் உன்னைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள், அல்லது விசர் என்று சொல்லியிருப்பார்கள். பெரியாஸ்பத்திரி டொக்டர் உன் காலை அமத்திப் பார்த்துவிட்டு, "இனித் தள்ளிப்போட ஏலாது, மாரிக்கு முதல் போங்கோ" என்றார். அந்தக் கிழமை பார்த்தால் பங்கின் பெறுமதி வால்வின் விலையைத் தாண்டியிருந்தது. நான் உன் மேசையில் கையால் அடித்தேன். "வில்லடி" என்றேன்.

நீ விற்றாய். தரகருக்கு நீயே தொலைநகல் அனுப்பினாய். வெற்றி எனக்கு என்று நினைத்து ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். நீயும் நக்கிச் சாப்பிட்டாய், கள்ளி.

காசு கைக்கு வந்த சனிக்கிழமை, "ஒரு இடத்துக்குப் போவம் வா" என்று என்னை ஓட்டோவில் ஏற்றினாய். பின்னால் இன்னொரு ஓட்டோ. அதில் தரப்பாள், சமையல் பாத்திரம், பால்மா, பெண்களுக்கு வேண்டிய சாமான். இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. நகைக்கு வந்த காசை 'வால்வு' கணக்கில் அப்படியே வைத்திருந்தாய். ஏறி வந்த பாதியை முழுக்க இதில் போட்டுவிட்டாய்.

அங்கே நடந்ததை நினைத்தால் கோபத்திலும் சிரிப்பு வரும். நீ சாமானை இறக்கிவைத்து, "எடுங்கோம்மா" என்றாய். ஒருத்தரும் கிட்ட வரவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒரு வயதான அம்மா முன்னுக்கு வந்தார்.

"மகள், எங்க சைன் வைக்கிறது?"

"சைன் ஒண்டும் வேண்டாம் அம்மா. சும்மா எடுங்கோ."

"சைன் இல்லாம எடுக்க ஏலாது மகள். நாளைக்கு ஆரும் வந்து இது எங்கால வந்ததெண்டு கேட்டா நாங்க என்னத்தச் சொல்ற? போன முறை ஆரோ குடுத்த டோச் லைற்றுக்கு ரெண்டு பொடியன விசாரிச்சவங்க. எங்கயிருந்து வந்ததெண்டு எழுதித் தாங்க, எடுக்கிறம்."

நிவாரணம் வாங்கி வாங்கி அந்தச் சனத்துக்கு வந்த பழக்கம் அது. கையெழுத்துத்தான் அவர்களுக்குக் காவல். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் எதிர்பார்த்த கேள்வி வந்த பிள்ளையைப் போல இருந்தாய். கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, தந்தவர் இன்னார் என்று உன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்து அந்த அம்மாவிடம் கொடுத்தாய். அவர் அதைப் படிக்கத் தெரிந்த ஒரு பெட்டையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த நிறுவனம்?" என்றார்.

"நிறுவனம் இல்லையம்மா. இது உங்கடதான்."

அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? "கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளக் குடுக்கட்டும்" என்றார். நான் ஓட்டோவுக்குள் போய் இருந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழி முழுக்க உன்னை ஏசினேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தார். உனக்கு நேர்மை கூடிப்போச்சு என்றேன். நேர்மை மூச்சு விடாது என்றேன். அந்தச் சனம் உன்னிடம் கேட்டதா, அந்தத் தரப்பாளை வேறு யாரும் கொடுத்திருக்கமாட்டார்களா, உனக்கு வால்வை வேறு யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

"எனக்குள்ள வைக்கப் போறாங்களடி" என்றாய் கடைசியில். "வெளியில வைக்கிற சாமான் எண்டால் பரவாயில்லை. இது நெஞ்சுக்குள்ள இருந்து டிக் டிக் எண்டு அடிக்கும். நான் அந்தச் சத்தத்தோட படுக்கவேணும். அந்தக் காசில வேண்டாம். மிச்சத்தை உழைச்சுச் சேர்ப்பன்."

எங்கே உழைப்பது? பிள்ளைகளை வெளியில் அனுப்பத் தாய்மார் பயந்த காலம். வகுப்பில் கதிரைகள்தான் இருந்தன.

அடுத்த கிழமை என் பங்குகளை நான் விற்றேன். உன் பாதியை நிரப்ப அது போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நீ தொடவில்லை.

"இதுவும் அங்கயிருந்துதானே வந்தது" என்றாய்.

"இது என்ர காசு. நான் வேலை செய்து சேர்த்துப் போட்டது."

"போட்டது உன்ர. ஏறினது?"

"அப்ப என்ர காசை ஊத்தையெண்டு சொல்லுறாய்."

"நான் உனக்கு ஒண்டும் சொல்லேல்லை. உன்ர காசு, நீ வீடு கட்டு, நகை வாங்கு. நான் ஒரு நாளும் குறை நினைக்கமாட்டன். எனக்கு மட்டும் வேண்டாம்."

அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பிறருக்குத் தீர்ப்புச் சொல்கிறவளாக இருந்திருந்தால் உன்னை வெறுத்திருக்கலாம். நீ யாரையும் ஒன்றும் சொல்லமாட்டாய். உனக்கு மட்டும் ஒரு சட்டம் வைத்துக்கொண்டு, அதில் நீ மட்டும் சாவாய். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மாரி தொடங்கியது. ஒரு காலையில் உன் பெரியம்மா ஆள் அனுப்பினார். நான் வந்தபோது உன்னால் படுக்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, உடனே கொழும்புக்கு ஏற்றச் சொன்னார்கள். அம்புலன்ஸில் நானும் ஏறினேன். என் கைப்பையில் அந்தக் காசு இருந்தது. இந்த முறை உன்னைக் கேட்கப்போவதில்லை என்று முடிவு எடுத்திருந்தேன். கொழும்பில் நேரே போய் உன் நகைக் காசோடு இதையும் சேர்த்துக் கட்டிவிடுவது, நீ கண் விழித்ததும் ஏசு, காலம் முழுக்க ஏசு, நெஞ்சுக்குள் டிக் டிக் என்று அடிக்க அடிக்க ஏசு.

கப்பல்துறைச் சாவடியில் பாதை மூடியிருந்தது. முன்னால் இராணுவ வாகனத் தொடர் ஒன்று போக வேண்டுமாம், அது போய் முடியும் வரை ஒருவரும் அசையக்கூடாது. சாரதி இறங்கிப் போய்க் கெஞ்சினார். நானும் இறங்கிப் போனேன். சாவடியில் நின்றவன் சின்னப் பொடியன், மழை அங்கியால் தண்ணீர் வழிய நின்றான். எட்டி உன்னைப் பார்த்தான். அவன் முகத்திலும் இரக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கட்டளை எங்கிருந்து வந்தது, யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவன் கையை மேலே காட்டினான். மேலே என்றால் யார்? அதை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு சதத்துக்குக் கேட்ட கேள்வியை உயிருக்குக் கேட்க இந்த நாட்டில் ஒரு மென்பொருளும் இல்லை.

நான் திரும்ப ஏறியபோது நீ கண்ணைத் திறந்திருந்தாய். ஒட்சிசன் மூடியைக் கொஞ்சம் விலக்கினாய்.

"பையை ஏன் இப்பிடிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிறாய்?"

"உன்ர உடுப்பு."

"பொய் சொல்லாதை" என்றாய். சிரிக்கப் பார்த்தாய். பிறகு மூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாய். நான் உன் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். அமத்தின இடம் பள்ளமாக அப்படியே நின்றது. எப்போதோ பாதை திறந்தார்கள். சாரதி அடித்துப் பிடித்து ஓடினார். கந்தளாய் ஆஸ்பத்திரிக்குள் உன்னை இறக்கும்போது நீ இருக்கவில்லை.

உனக்கு இருதய வருத்தம், அதனால் செத்தாய் என்று எழுதித் தந்தார்கள். இயற்கை மரணம். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் தாதிமார் ஓடிவந்தார்கள்.

பிறகு சண்டை முடிந்தது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் பங்கு விலை எங்கே போய் நின்றது என்று உனக்குச் சொல்லமாட்டேன். நீ இருந்திருந்தால் எந்த ஊர்ப் பெயர்களை எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அத்தனை பெயரையும் எழுத உனக்கு விரல் வலித்திருக்கும்.

உன் மென்பொருள் இன்னும் இருக்கிறது. புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது, இன்னும் காசு கேட்கவில்லை. உன்னிடம் படித்த சல்லிக் கிராமத்துப் பெட்டை ஒருத்தி இப்போது நாலைந்து வள்ளங்களின் எண்ணெய்ச் செலவு, வலைச் செலவு, மீன் விற்ற காசு எல்லாம் அதில்தான் எழுதுகிறாள். இடையில் யாரோ ஒரு புத்திசாலி உன் 'எங்கிருந்து'வை எடுத்துவிட்டு 'மூலக் கணக்கு' என்று மாற்றினான். நான் அவனுக்கு எழுதினேன். ஆங்கிலத்தில், மரியாதையாக, ஆனால் படித்தவன் அன்று சாப்பிட்டிருக்கமாட்டான். அடுத்த முறை வந்தபோது உன் சொல் திரும்ப இருந்தது. உனக்காகச் செய்தேன் என்று நினைத்துப் பெருமைப்படாதே. இரண்டு சொல் போட்டிருந்தான், அது பெட்டிக்குள் அடங்கவில்லை.

நானும் அதில்தான் எழுதுகிறேன். சம்பளம் வந்த காலத்தில் சம்பளம், இப்போது ஓய்வுக்குப் பிறகு வட்டி, வாடகை. ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் நின்றுதான் போகிறேன். முன்பு யோசிக்காமல் செய்த வேலை. இதை நீ எனக்குச் செய்த உதவி என்று நான் ஒருபோதும் சொல்லப்போவதில்லை. நிம்மதியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளின் நிம்மதியைக் கெடுத்துவிட்டுப் போனாய்.

அந்தக் காசு கிடக்கிறது. கைப்பையில் இருந்து வங்கிக்குப் போனது, நிலையான வைப்பாக. வீடு கட்டு என்றாயே, கட்டவில்லை. எங்கேயாவது முகாமுக்குக் கொடுத்திருக்கலாம், நீ என்றால் கொடுத்திருப்பாய். நான் கொடுக்கமாட்டேன். நான் நீயில்லை. அது வால்வு வாங்க எடுத்த காசு, வால்வுக்குத்தான் கிடக்கும்.

போன மாதம் வங்கியில் புதுப்பிக்கப் போனேன். கவுண்டரில் புதிதாக வந்த பெட்டை, நல்ல மரியாதையான பிள்ளை. எனக்குப் பிறகு காசு யாருக்கு என்று சொல்லும் பின்னுரித்தாளி பெயர் இந்தக் கணக்குக்கு இல்லை, எழுத வேண்டும் என்றாள். நான் உன் பெயரைச் சொன்னேன். எழுதினாள்.

"என்ன முறை மிஸ்?"

"சிநேகிதி."

"அவவின்ர ஐடி நம்பர்?"

சொன்னேன். உன் இலக்கம் எனக்குப் பாடம். எத்தனை சாவடியில் உன் அட்டையைச் சேர்த்து நீட்டியிருக்கிறேன். அவள் அதைக் கணினியில் அடித்துவிட்டு, திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மிஸ், இவவின்ர பழைய கணக்கில இவ மோசம் போயிட்டா எண்டு காட்டுது."

"ஓம்."

"அப்ப ஏலாது மிஸ். உயிரோட இருக்கிற ஆரையாவதுதான் போடலாம். வேற ஆக்கள் இல்லையா?"

"இல்லை பிள்ளை. இது அவவின்ர காசு."

அவள் அந்தப் படிவத்தில் உன் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புதிதாக ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். யோசித்துவிட்டு ஆறுதலாக எழுதுங்கோ என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். நான் ஒன்றும் எழுதாமல் வந்துவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் வட்டி கூடிக்கொண்டு போகிறது. இப்போதைய விலைக்கும் ஒரு வால்வு வாங்கலாம், ஆஸ்பத்திரிச் செலவும் போக, மாடி ஏறாமல் கீழ் அறை எடுக்கவும் கிடக்கும். இன்னும் உனக்கென்றுதான் வைத்திருக்கிறேன், போடி.